திருட்டு நாற்று

கேட்டு வாங்கிக்கொண்டு போய் வைத்த செடி வராது, திருடிக்கொண்டு போய் வைத்ததுதான் தழையும் என்று கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு பேச்சு உண்டு. இதை முதலில் சொன்னவள் யாரோ, நல்ல கெட்டிக்காரி. வாசலில் நின்று 'குடு' என்று கேட்கிற சங்கடமும் இல்லை, 'இல்லை' என்று சொல்கிற சங்கடமும் இல்லை. வேண்டியவள் மாடியேறி வருவாள். வீட்டுக்காரி கொடியில் துணி எடுப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். திரும்பிப் பார்க்கும்போது தட்டில் நாலு நாற்று குறைந்திருக்கும். மறுநாள் இரண்டு பேரும் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

மலர்க்கொடி இருபது வருஷமாக இப்படித் திரும்பி நின்று பழகியவள். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. புருஷன் ஞானசேகரனுக்குச் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. மகன் சேரன் சென்னையில். மொட்டைமாடி முழுக்க அவள் ராஜ்ஜியம். உடைந்த வாளி, பெயிண்ட் டப்பா, தெர்மாகோல் பெட்டி என்று ஒன்றையும் விட மாட்டாள். ஓட்டை போட்டு மண் நிரப்பி விதையைத் தூவிவிடுவாள். முளைக்கவில்லை என்று தெருவில் யாராவது விதை பாக்கெட்டைத் தூக்கிப் போடப் போனால், அது இவள் கைக்கு வந்துதான் முளைக்கும். கைராசி என்பார்கள். ராசியாவது மண்ணாவது, தண்ணியை அளவாகத் தெளித்தால் எவள் கையிலும் முளைக்கும் என்று அவள் சொல்வாள். ஆனால் அப்படிச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை இருக்கும்.

இந்தத் திருட்டுக் கூட்டத்துக்குத் தலைவி அவள் தங்கை இளவரசிதான். மலர்க்கொடியை விட ஆறு வயது இளையவள். சிதம்பரத்தில் கொல்லை வைத்த வீடு. புருஷன் பாலகுமாருக்குப் பாத்திரக்கடை. எல்லாம் இருந்தது, பிள்ளை மட்டும் இல்லை. ஆடி பிறந்தால் ஒரு கட்டைப்பையை எடுத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறிவிடுவாள். மற்றவர்கள் நாலு எடுத்தால் அவள் நாற்பது எடுப்பாள். வேரில் தாய்மண் உதிராமல் நெம்பி, ஈரத்துணியில் சுற்றி, பைக்குள் அடுக்குவாள். "அக்கா, நீ அந்தப் பக்கம் திரும்பிக்க" என்று அதிகாரமாகச் சொல்லிவிட்டுத் திருடுகிறவள் அவள் ஒருத்திதான். மலர்க்கொடி சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பாள். சிதம்பரத்துக் கொல்லையில் காய்த்த கத்தரியெல்லாம் கடலூர் மாடியில் முளைத்ததுதான்.

தானே புயல் அடித்த வருஷம், மாடியில் போட்டிருந்த ஷீட் பறந்து எதிர் வீட்டுக் கிணற்றில் விழுந்தது. கரண்ட் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. இளவரசி மெழுகுவர்த்தியும் அரிசியுமாக ஓடி வந்தாள். அப்போது மலர்க்கொடியின் மகள் இசைவாணிக்கு எட்டு வயது, மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். கரண்ட் வருகிற வரைக்கும் பிள்ளையை நான் வைத்துக்கொள்கிறேன் என்று தங்கை சொன்னாள். தங்கைதானே, வேறு யாரோவா? பஸ் ஸ்டாண்டில் பிள்ளையின் உதடு பிதுங்க ஆரம்பித்தது.

"நீ பாத்துகினே நின்னா அழுவாக்கா. அந்தப் பக்கம் திரும்பிக்க" என்றாள் இளவரசி.

மலர்க்கொடி திரும்பிக்கொண்டாள். எதிரே ஒரு வாழைப்பழ வண்டி நின்றது. எத்தனை சீப்பு தொங்குகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது பஸ் போய்விட்டிருந்தது.

இருபது நாளில் கரண்ட் வந்தது. பிள்ளை வரவில்லை. முழுப் பரீட்சை முடியட்டும் என்றார்கள். பிறகு அங்கே நல்ல இங்கிலீஷ் ஸ்கூல் என்றார்கள். பாலகுமாருக்குக் கண் ஆபரேஷன், பிள்ளை இருந்தால்தான் அவர் முகத்தில் சிரிப்பு வருகிறது என்றார்கள். 'உனக்குத்தான் சேரன் இருக்கானேக்கா' என்று இளவரசி ஒருநாள் போனில் அழுதாள். அழுகிறவளிடம் என்ன பேசுவது? ஞானசேகரன் நல்ல மனுஷன். இந்த நல்ல மனுஷர்களால்தான் பாதி குடும்பம் கெடுகிறது. 'எங்க இருந்தா இன்னா, படிக்கட்டுமே' என்று சொல்லிவிட்டு அவன் ஷிப்டுக்குப் போய்விட்டான்.

முதல் வருஷம் வாணி இவளை அம்மா என்றும் அவளைச் சித்தி என்றும் கூப்பிட்டாள். அடுத்த வருஷம் சித்தி, சித்திம்மா ஆனாள். ஆறாவது போவதற்குள் சித்திம்மாவில் சித்தி கழன்றுவிட்டது. இரண்டு அம்மா இருந்தால் குழப்பம் வரும் அல்லவா, அதனால் இவள் 'கடலூர் அம்மா' ஆனாள். கடலூர் அம்மா, எப்ப வருவீங்க. கடலூர் அம்மா, அடை சுட்டுத் தாங்க. நீ, வா, போ என்றிருந்தது எப்போது நீங்க, வாங்க, போங்க ஆயிற்று என்று மலர்க்கொடிக்கு நினைவில்லை. மரியாதையாகத்தானே பேசுகிறாள் என்று ஞானசேகரன் சொன்னான். பெற்றவளுக்கு எதற்கு மரியாதை என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரே ஒரு கணக்கை மட்டும் அவள் மனசில் வைத்திருந்தாள். கல்யாணம் என்று ஒன்று வரும். அன்று தாரை வார்க்க வேண்டும். மகளின் கையை மாப்பிள்ளை கையில் வைத்துத் தண்ணீர் விடுகிற இடத்தில் பெற்றவர்கள்தான் நிற்க வேண்டும். அந்த இடத்தைச் சித்தி எடுத்துக்கொள்ள முடியாது. படிக்க வைக்கலாம், நகை போடலாம், ஊரெல்லாம் என் மகள் என்று சொல்லிக்கொள்ளலாம். சொம்பில் தண்ணீர் ஊற்ற இவள்தான் போக வேண்டும். இந்த நினைப்பில்தான் பதிமூன்று ஆடி போயிற்று.

பதினாலாவது ஆடிக்கு முன்னால் இளவரசி போன் செய்தாள். வாணிக்கு இடம் கூடிவிட்டது. மாப்பிள்ளை அருண்குமார், குறிஞ்சிப்பாடிக்காரர்கள், பெங்களூரில் வேலை. ஆவணி இருபதுக்கு மேல் சிதம்பரத்தில் கல்யாணம். பெண் பார்க்க வந்தபோது ஏன் எங்களைக் கூப்பிடவில்லை என்று கேட்க மலர்க்கொடிக்கு வாய் வரை வந்தது. அதற்குள் இளவரசி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள். தாம்பூலப் பையோடு ஆளுக்கு ஒரு நாற்று கொடுப்பது இப்போது எல்லாக் கல்யாணத்திலும் வந்துவிட்டதாம். வாணிக்கும் அதுதான் ஆசையாம். கத்தரி, மிளகாய், செண்டுமல்லி என்று முந்நூறு கப்.

"நர்சரில வாங்கிடலாம்னாரு இவரு. வாணிதான் வாணாம்னுட்டா. கடலூர் அம்மா போட்டதுதான் வரும்னா" என்றாள் இளவரசி.

அந்த ஒரு வார்த்தை போதும். மலர்க்கொடிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முந்நூறு என்ன, மூவாயிரம் கேட்டாலும் போட்டிருப்பாள். டீக்கடைக் காகிதக் கப்பை வாங்கி வந்து கோணி ஊசியால் ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று ஓட்டை போட்டாள். தென்னைநார்த் தூளை மூன்று தண்ணீர் மாற்றி அலசினாள். மண்புழு உரமும் செம்மணலும் கலந்து சலித்தாள். ஆடிப்பெருக்கன்று காலையில் தலைக்குக் குளித்து, ஊறவைத்த மிளகாய் விதையையும் சாம்பலில் புரட்டிய கத்தரி விதையையும் விரல் நுனியால் கப்புக்கு இரண்டாக வைத்தாள். மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடி, எறும்பு வராமல் சுற்றிலும் மஞ்சள்தூள் கோடு இழுத்தாள். செண்டுமல்லி சீக்கிரம் வளர்ந்துவிடும் என்பதால் அதைப் பத்து நாள் தள்ளிப் போட்டாள்.

சாக்கு போட்டு மூடினால் தினம் இரண்டு தரம் தூக்கிப் பார்க்க வேண்டும். முதல் முளை தலைகாட்டிய அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒருநாள் விட்டால் நாற்று வெளிச்சத்தைத் தேடி வெளிறி நெட்டையாகப் போகும், பிறகு தலை நிற்காது. மலர்க்கொடி ஒரு நாளைக்கு ஆறு தரம் தூக்கிப் பார்த்தாள். ஆறாம் நாள் கத்தரி கூன் முதுகோடு எழுந்தது. எட்டாம் நாள் மிளகாய். தன் பழைய நைந்துபோன சேலையைக் கம்பு நட்டு மேலே கட்டி நிழல் கொடுத்தாள்.

ஆசை அறிவை மறைக்கும். வெயில் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டு ஒரு வேளைக்கு இரண்டு வேளை தண்ணீர் தெளித்தாள். ஒரு காலையில் போய்ப் பார்த்தால் நூறு கப்பில் நாற்றெல்லாம் அடி அழுகிப் படுத்துக் கிடந்தன. தண்ணீர் ஜாஸ்தியானால் இப்படித்தான் ஆகும் என்று தெருவுக்கே பாடம் சொன்னவள் அவள்தான். கீழ்வீட்டுச் சாய்ரா மேலே வந்து பார்த்துவிட்டு, 'செல்லம் குடுத்தே சாவடிச்சிட்டீங்களேக்கா' என்று சிரித்தாள். மலர்க்கொடி சிரிக்கவில்லை. உட்கார்ந்து நூறு கப்பையும் கொட்டி, வேறு மண் நிரப்பி, எல்லாவற்றிலும் செண்டுமல்லியைப் போட்டாள். மகள் கல்யாணத்தில் ஒரு கப் குறையக் கூடாது.

பத்திரிகை வந்தது ஆவணி பிறந்த பிறகு. ஞானசேகரன்தான் சிதம்பரம் போய் வாங்கி வந்தான். மஞ்சள் தடவிய உறையை மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். மலர்க்கொடி கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தாள்.

திரு. பாலகுமார் – திருமதி இளவரசி தம்பதியரின் ஏக புத்திரி திருவளர்செல்வி இசைவாணி என்று இருந்தது. அவள் இரண்டாவது தரம் படித்தாள். பிறகு விரலை வைத்துக் கீழே கீழே தேடிக்கொண்டு போனாள். கடைசிப் பக்கத்தில், தங்கள் நல்வரவை விரும்பும் கூட்டத்தில், பொடி எழுத்தில் அவர்கள் இருந்தார்கள். பெரியப்பா பெரியம்மா, ஞானசேகரன் மலர்க்கொடி, கடலூர். அதற்குக் கீழே, அண்ணன் சேரன்.

"அச்சுல தப்பு வுட்டுட்டான்" என்றாள் மலர்க்கொடி.

ஞானசேகரன் குனிந்து செருப்பைக் கழற்றினான். அவன் குனிந்த விதத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. இவனுக்கு முன்பே தெரியும். பிறகு துருவித் துருவிக் கேட்டதில் ஒவ்வொன்றாக வந்தது. குறிஞ்சிப்பாடிக்காரர்கள் ஒரே பெண் என்று நம்பித்தான் வந்தார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள், இது ஒரு பொய்தானே என்று பாலகுமார் இவனைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டான். தாரையும் பாலகுமாரும் இளவரசியும்தான் வார்க்கப் போகிறார்கள். நல்ல மனுஷன் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறான்.

"அவ சொன்னாளா? ஒரே பொண்ணுன்னு என் தங்கச்சி வாய் கூசாம சொன்னாளா?"

ஞானசேகரன் ஜன்னலைப் பார்த்தான்.

"இளவரசி சொல்லல. சம்பந்தியம்மா கேட்டாங்க, கூடப் பொறந்தவுங்க யாருன்னு. வாணிதான் சொல்லிச்சி, நான் ஒரே பொண்ணுன்னு."

மலர்க்கொடி பத்திரிகையை மடித்து உறையில் போட்டாள். பெற்ற வயிறு எரியும் என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தாள். நிஜமாகவே எரிந்தது. தங்கை பறித்துக்கொண்டாள் என்றால் தங்கையை வையலாம், மண்ணை வாரித் தூற்றலாம். பறிபட்டதே அங்கே வேர் விட்டுக்கொண்டு, நான் இங்கேதான் முளைத்தேன் என்று சொன்னால் யாரை வைவது? இப்போதே குறிஞ்சிப்பாடிக்குப் பஸ் ஏறிப் போய், வாணி பிறந்த சர்ட்டிபிகேட்டை அந்தச் சம்பந்தியம்மாள் மடியில் போட்டுவிடலாம். ஒரு மணி நேரம் போதும். பீரோவைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்தும் பார்த்தாள். தாயின் பெயர் மலர்க்கொடி என்று இருந்தது. பொய்யில் நின்ற பெண் என்று அவர்கள் கல்யாணத்தை நிறுத்திவிட்டால் யார் கழுத்து வெறுங்கழுத்தாக நிற்கும்? ஞானசேகரனும் அதைத்தான் சொன்னான். காகிதத்தை மடித்துத் திரும்ப வைத்தாள்.

ஆனால் மாடிக்குப் போகவில்லை. அந்த நாற்று எக்கேடோ கெடட்டும். முந்நூறு கப்பும் காய்ந்து சருகாகட்டும், வெறும் தாம்பூலப் பையோடு நிற்கட்டும் ஏக புத்திரியைப் பெற்றவர்கள். முதல் நாள் சாய்ரா படியிலிருந்து குரல் கொடுத்தாள், நாற்று வாடுகிறதே என்று. நான் தெளிக்கட்டுமா என்றும் கேட்டாள். 'தொடாத' என்றாள் மலர்க்கொடி. இரண்டாம் நாள் வெயில் கொளுத்தியது. மூன்றாம் நாளும் போகவில்லை. சமைத்தாள், படுத்தாள், எழுந்தாள். ஞானசேகரனுக்குச் சோறு போடும்போது தட்டு சத்தமாக விழுந்தது.

நாலாம் நாள் காலையில், எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் கொட்டிவிடலாம் என்று துடைப்பத்தோடு மாடியேறினாள். ஏறியவள் வாசற்படியிலேயே நின்றாள். ஏழெட்டு கப்புதான் கருகியிருந்தது. மற்றதெல்லாம் இலை கொஞ்சம் தொங்கினாலும் தண்டு தடித்து, ஊதா ஏறி, விறைப்பாக நின்றன. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நடுவதற்கு முன்னால் நாற்றை வாட விட வேண்டும். கடைசி வாரத்தில் தண்ணீரைக் குறைத்து, நிழலை எடுத்து, காய விட்டால்தான் போகிற இடத்தில் பிடித்துக்கொள்ளும். வருஷா வருஷம் அவள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு செய்கிற வேலை அது. இந்த வருஷம் ஆசையில் மறந்தே போயிருந்தாள். கோபத்தில் செய்ததும் அந்தப் பெண்ணுக்கு நன்மையாகவே போய் முடிந்தது என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, பூவாளியை எடுத்து ஒரு கை தண்ணீர் தெளித்தாள். அளவாகத் தெளித்தாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் நாற்றெல்லாம் ஒரு டாட்டா ஏஸில் சிதம்பரம் போயிற்று. மண்டபத்து வாசலில் மேஜை போட்டு அடுக்கினார்கள். ஒவ்வொரு கப்பையும் சுற்றி ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டினார்கள். அன்புடன் பாலகுமார் – இளவரசி என்று அதில் அச்சாகியிருந்தது. மலர்க்கொடியும் உட்கார்ந்து ஒட்டினாள். பசை அவள் விரலெல்லாம் ஆயிற்று. இளவரசி பட்டுப்புடவையும் பரபரப்புமாக அந்தப் பக்கம் பத்துத் தரம் போனாள், அக்கா முகத்தைப் பார்க்க ஒருதரமும் நிற்கவில்லை.

முகூர்த்தத்தில் மலர்க்கொடி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மணமேடையில் பாலகுமார் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தான். இளவரசி வெள்ளிச் சொம்பைச் சாய்த்தாள். கெட்டிமேளம் கொட்டியது. சாய்த்த வேகத்தில் தண்ணீர் பாதி கீழே சிந்தியது. அளவாக ஊற்றத் தெரியாது அவளுக்கு, என்றுமே தெரியாது. அன்று பஸ் ஸ்டாண்டில் வாழைச்சீப்பை எண்ணியது போல எண்ணுவதற்கு ஒன்றும் அகப்படாமல் மலர்க்கொடி, மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தி முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில் அவள் நாற்று மேஜைக்கு அருகில் போய் நின்றாள். கொடுத்தது போக நாற்பது ஐம்பது கப் மீதி இருந்தது. மணமக்களைக் காருக்கு அழைத்துப் போகிறவர்கள் அந்த வழியாக வந்தார்கள். முன்னால் மாப்பிள்ளையின் தாயார் ராமாமிர்தம், பருத்த உடம்பு, சிரித்த முகம். குறிஞ்சிப்பாடியில் அவளுக்கு வீட்டைச் சுற்றிக் காய்த்தோட்டமாம். மேஜையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ஒரு கத்தரி நாற்றை எடுத்துத் தண்டைத் தடவிப் பார்த்தாள்.

"இது நர்சரி நாத்து இல்லியே. யாரு கை இது?" என்று கேட்டாள்.

பின்னால் வந்த இளவரசியின் முகம் வெளுத்தது. ஞானசேகரன் தொண்டையைச் செருமினான். மாலையும் கழுத்துமாக நின்ற இசைவாணி மலர்க்கொடியைப் பார்த்தாள். கடலூர் அம்மா என்றாவது சொல்லலாம். அதில் கடலூர் இருந்தாலும் அம்மாவும் இருக்கிறது. மலர்க்கொடி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க பெரியம்மா, அத்தை. கடலூர்ல இருக்காங்க. எல்லாம் அவுங்க போட்டதுதான்" என்றாள் இசைவாணி.

தடுமாற்றம் இல்லாமல், சுத்தமாகச் சொன்னாள். கண் மட்டும் ஒரு கணம் தாழ்ந்து எழுந்தது.

ராமாமிர்தம் மலர்க்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பசை காய்ந்த அந்த விரல்களைப் பார்த்து, பெரியம்மான்னா இப்படி இருக்கணும் என்று மனசாரச் சொன்னாள். பிறகு, வீட்டில் நட இன்னும் ரெண்டு கத்தரியும் ஒரு செண்டுமல்லியும் குடுங்க அண்ணி என்று கேட்டாள்.

மலர்க்கொடி தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"கேட்டு வாங்குனா வராது அண்ணி. திருடுனாத்தான் தழையும். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன், வேண்டியத எடுத்துக்குங்க."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்னால் ராமாமிர்தம் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பது கேட்டது. எங்க ஊர்லயும் இப்படித்தான் சொல்லுவாங்க என்றாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. இளவரசியின் வளையல் சத்தம் பாதியில் நின்றது.

"எடுத்தாச்சு அண்ணி. நல்லா வருமில்ல?"

"வரும். நான் திரும்பி நின்னு குடுத்தது எதுவும் வராமப் போனதில்ல" என்றாள் மலர்க்கொடி சுவரைப் பார்த்தபடி. "என் தங்கச்சியக் கேளுங்க, சொல்லுவா."

யாரோ நல்ல நேரம் போகிறது என்று அவசரப்படுத்தினார்கள். பட்டுச்சேலைச் சரசரப்பு ஒன்று அவளை நோக்கி இரண்டு அடி வந்து, நின்று, திரும்பிப் போயிற்று. அது மகளா தங்கையா என்று அவளுக்குத் தெரியவில்லை. கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கார் கிளம்பியது. போயிட்டாங்க, திரும்பு என்று ஞானசேகரன் சொன்னான். அவள் திரும்பவில்லை.